முன்னுக்கு வைக்கக்கூடாத பெட்டி

வன்னி அலைகள் இசைக்குழு,
அக்கராயன்.
02.06.2025

யதுர்ஷிகாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நாங்கள் இரண்டு பேரும் இல்லை. அதனால் நேரே விசயத்துக்கு வருகிறேன்.

பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு இந்த மாதக் கடைசியில் கொடியேறுகிறது. ஏழாம் திருவிழா, போன வருசம் போல, எங்கள் குடும்பத்து உபயம். கனடாவில் இருந்து பெரியப்பா வருகிறார். பூசை முடிந்ததும் கச்சேரி எங்கள் குழுதான். நீ விலகிப் போனதில் இருந்து பேஸ் கிற்றாரை நானே வாசிக்கிறேன். கீபோர்ட்டை இப்போது சுமன் பார்க்கிறான். நீ இல்லாவிட்டால் குழு படுத்துவிடும் என்று நீ நினைத்திருக்கலாம். படுக்கவில்லை.

கேட்க வேண்டியது ஒன்றுதான். குழு அறையில் இருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டி, ஒலியைத் துலக்கிக் கொடுக்கிற என்ஹான்சர், எனக்குச் சரிவருகுதில்லை. நீ வாசிக்கும்போது பேஸின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாய் வந்து நெஞ்சில் விழும். எனக்கு வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் சேறு போன்ற ஒரு சத்தமும்தான் வருகிறது. அவ்வளவு நல்ல சாமானை மரியாதையாக எல்லாவற்றுக்கும் முன்னுக்குத்தான் வைத்திருக்கிறேன். கிற்றாரில் இருந்து வயர் முதலில் அதற்குள் போகிறது, பிறகு கொம்பிரசர், பிறகு சத்தத்தைப் பெருப்பிக்கிற அம்ப். இரண்டு திருகையும் முழுதாகத் திறந்துவிட்டேன். இதற்கு மேல் என்ன செய்ய?

நீ அதை எங்கே பூட்டினாய் என்று எழுது. உன் நம்பரைப் புளொக் பண்ணியது அந்த நேரத்துக் கொதியில். எப்போதோ எடுத்துவிட்டேன். நீதான் என் போன் கோலைத் தொடுகிறாயில்லை. உடையார்கட்டுப் பக்கம் வருகிற பஸ் கொண்டக்டரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். அவரிடமே பதிலைக் கொடு. குழுவின் நன்மைக்காகக் கேட்கிறேன்.

வீ. விதுசன்,
தலைவர்.


உடையார்கட்டு,
06.06.2025

மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு,

போனை நான் எடுக்க மாட்டேன். வாயால் சொன்னதை நாளைக்கு 'எப்ப சொன்னனான்' என்று கேட்கிற ஆள் நீங்கள். தாளில் எழுதினால் மறுக்க ஏலாது.

முதலில் சிரித்து முடித்துவிடுகிறேன். விலை கூடின பெட்டி என்று அதைக் கொண்டுபோய் முன்னுக்கு வைத்தீர்களாக்கும்! கோயிலில் முதல் மரியாதைக் காளாஞ்சி ஆருக்கு என்று வருசா வருசம் சண்டை பிடிக்கிற வீட்டில் பிறந்தவருக்கு வேறு எப்படி யோசனை வரும்? வயருக்குள் ஓடுகிற சத்தத்துக்கு உபயகாரர் ஆர், தேர் இழுக்கிறவர் ஆர் என்று தெரியாது, அண்ணா. இங்கே நான் தங்கியிருக்கிற வீட்டுச் சின்னம்மாவுக்கு இதைச் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு முடிந்தது. அது குழுவின் பெட்டி இல்லை. கட்டார் வெயிலில் வேலை செய்கிற என் அண்ணன் ஜனகன் எனக்கென்று வாங்கி அனுப்பினது. நான் விலகின அன்று அறையைப் பூட்டித் திறப்பைப் பொக்கற்றில் போட்டவர் நீங்கள்.

ஏன் விலகினேன் என்பதை நீங்கள் ஊருக்கு வேறு மாதிரிச் சொல்லித் திரிகிறீர்களாம். மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். போன வருசம் ஏழாம் திருவிழா. மேடைக்குப் பின்னால் என் அம்பின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்தேன். எனக்கு என் வாசிப்பு கேட்டது. முற்றத்துப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ்களுக்குப் போகிற என் லைனை மிக்சரில் சத்தம் பார்க்கிற பிரசாந்தனைக் கொண்டு மூடுவித்ததும், சனத்துக்குக் கேட்ட பேஸ் உங்கள் கீபோர்ட்டின் இடது கை அடித்தது என்பதும் எனக்குத் தெரியாது. கச்சேரி முழுக்க, சேலைக் கடைப் பொம்மை மாதிரி நின்று விரலை ஆட்டினேன். மறுநாள் உங்கள் நேரலை வீடியோவைப் பார்த்துவிட்டு ஜனகன் அண்ணாதான் போன் எடுத்து, "உன் கை ஒருபக்கம் போகுது, சத்தம் வேறபக்கத்துல இருந்து வருது, என்னா நடக்குது அங்க?" என்று கேட்டான்.

என்னைக்கூட விடுங்கோ. அப்பா முன் வரிசையில் இருந்தார். பக்கத்தில் இருந்த எல்லோருக்கும், "அந்தா கேக்குதுல்ல, அது எம்மகளோட கையி," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்களுடைய கையை. பிறகு பிரசாந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதையைப் பகிடியாகச் சொன்னபோது அப்பா மூலையில் இருந்திருக்கிறார். பாதித் தேத்தண்ணியோடு எழும்பி வந்தவர். இன்றுவரை அந்தக் கடைக்கும் போவதில்லை, கோயிலுக்கும் போவதில்லை.

பெட்டியின் இடம் வேண்டுமா? விலை இதுதான். இந்த ஏழாம் திருவிழாவில், முதல் பாட்டுக்கு முன், மைக்கில் சொல்லுங்கோ: போன வருசம் நீங்கள் கேட்ட பேஸ் பழனியாண்டியின் மகள் யதுர்ஷிகாவுடையது இல்லை, நான்தான் அவளுடைய சத்தத்தை மூடுவித்தேன். அதைச் சொல்கிறேன் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கோ. நான் பூட்டுகிற விதத்தை எழுதி அனுப்புகிறேன்.

யதுர்ஷிகா


அக்கராயன்,
10.06.2025

யதுர்ஷிகா,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வாய் நீண்டிருக்கிறது.

கோயில் முற்றத்தில், அதுவும் அப்பா பரிபாலன சபைத் தலைவராக இருக்கிற கோயிலில், பழைய சச்சரவை மைக்கில் எடுத்து விளம்பச் சொல்கிறாய். நடக்காது. அன்று லைனை மூடியது உனக்கு எதிரான சதி இல்லை. நேரலை போய்க்கொண்டிருந்தது. கனடாவில், லண்டனில் இருந்தெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையில் நீ இரண்டு இடத்தில் முந்திப் போனாய். ஒரு தலைவனாக நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. உன் அப்பாவுக்கு மனம் நொந்ததற்கு நான் பொறுப்பில்லை. பிரசாந்தனுடைய வாய்க்கு நான் பூட்டுப் போட முடியுமா?

உண்மையைச் சொன்னால் கோபிப்பாய். போன இடமெல்லாம் சனம் வந்து உன்னைப் புகழ்ந்தது உன் கைக்காக இல்லை, அந்தப் பெட்டிக்காக. பெட்டி இப்போது என்னிடம். அதுதான் உனக்குப் பொறுக்குதில்லை.

நீ சொல்லாவிட்டாலும் எனக்கு வழி இருக்கிறது. பெட்டி முன்னுக்குச் சரிவராவிட்டால் எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க வேண்டும் என்று பிரசாந்தன் சொல்கிறான். அம்புக்கும் ஸ்பீக்கர் பொக்ஸுக்கும் நடுவில். அதற்கு வயர் செய்து கொண்டிருக்கிறான். வருகிற கிழமை பூட்டிப் பார்க்கப் போகிறோம். உன் தயவு தேவையில்லை.

விதுசன்


உடையார்கட்டு,
12.06.2025

விதுசன் அண்ணா,

பூட்டவேண்டாம். கடிதம் கையில் கிடைத்தவுடன் அந்த வயரைக் கழற்றி எறியச் சொல்லுங்கோ. அம்பில் இருந்து ஸ்பீக்கருக்குப் போவது பலத்த கரன்ற். அந்தச் சின்னப் பெட்டி அதைத் தாங்காது. ஒரே அடியில் கருகிப் போகும், அம்பையும் சேர்த்துக்கொண்டு போகும். பிரசாந்தனுக்குக் கல்யாண வீட்டுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டத் தெரியும், அதோடு நிற்கச் சொல்லுங்கோ.

ஒளிக்காமல் சொல்கிறேன். 'ஓம், அப்படியே பூட்டுங்கோ, நல்லா வரும்' என்றுதான் முதலில் எழுதினேன். ஏழாம் திருவிழாவில் சனத்துக்கு முன்னால் அது புகைந்து நாறட்டும் என்று ஆசையாக இருந்தது. பெட்டி போனாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். உங்கள் மேல் இரக்கம் வந்து இல்லை. பெட்டி எரிந்தால் கரன்ற் பிழை என்று சொல்லி நீங்கள் தப்பிவிடுவீர்கள்.

ஆகவே சரியான இடத்தைச் சும்மாவே சொல்கிறேன். விலை வேண்டாம், வடிவாகக் கேளுங்கோ. கிற்றாரில் இருந்து வயர் முதலில் கொம்பிரசருக்குப் போகட்டும். அது மெல்லிய அடியையும் பலத்த அடியையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். நீங்கள் பெட்டியை அதற்கு முன்னால் வைத்ததால், பெட்டி தூக்கிக் கொடுத்ததையெல்லாம் கொம்பிரசர் நசித்துவிட்டது, மிஞ்சின இரைச்சலை அம்ப் பெருப்பித்தது. அவ்வளவுதான் உங்கள் சேறு. கொம்பிரசரில் இருந்து நேரே அம்பின் முன்பக்கம். பிறகு அம்பைத் திருப்பி முதுகைப் பாருங்கோ. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை இருக்கும். ஒன்று சத்தத்தை வெளியே அனுப்பும், மற்றது திரும்ப வாங்கும். அனுப்புகிற துளையில் இருந்து பெட்டிக்கு, பெட்டியில் இருந்து வாங்குகிற துளைக்கு. அதுதான் இடம். எல்லாரும் தங்கள் தங்கள் வேலையை முடித்த பிறகு, பலத்த கரன்றுக்கு முன்னால்.

இன்னொன்று. முற்றத்து மிக்சருக்குப் போகிற வயரைப் பெட்டியைத் தாண்டின இடத்தில் இருந்துதான் எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் மேடையில் நிற்கிற உங்களுக்கு மட்டும் வடிவாகக் கேட்கும், சனத்துக்குப் போகாது. தனக்கு மட்டும் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நல்லாத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் தருகிறேன், பிறகு நான் சொல்லவில்லை என்று சொல்லாதீர்கள். இந்தப் பெட்டி ஆர் பக்கமும் சாயாது. நல்லா வாசித்தால் நல்லதைத் துலக்கும். பிழையாக வாசித்தால் பிழையையும் அதே மாதிரித் துலக்கும். இனி உங்கள் விரல் ஒவ்வொன்றும் முற்றம் முழுக்கக் கேட்கும்.

யதுர்ஷிகா


அக்கராயன்,
21.06.2025

அன்புள்ள யது,

பழைய பெயரில் கூப்பிடுகிறேன், கோபிக்காதே. மனம் நிறைந்திருக்கிறது.

உன்னை நான் நம்பவில்லை. ஏதோ பொறி வைக்கிறாய் என்று நினைத்து நீ சொன்னதற்கு மாறாகவும் பூட்டிப் பார்த்தேன், பாதி மாறாகவும் பூட்டிப் பார்த்தேன். கடைசியில் நீ சொன்னபடி பூட்டினேன். தங்கச்சி, என்ன சத்தம் அது! அடிநாதம் நிலத்தால் ஏறி வருகிறது, மேலே விரல் படுகிற இடம் கண்ணாடி மாதிரித் துலக்கமாய்க் கேட்கிறது. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "இது நீயே வாசிக்கிறது?" என்று கேட்டா. அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அறை வாசலில் இருந்துவிட்டார். நான் சின்ன வயதில் இருந்து வாசிக்கிறேன், அவர் இப்படி வந்து இருந்தது இதுதான் முதல் தடவை.

பிரசாந்தன் இந்தமுறை மேடைக்கு இரண்டு பக்கமும் இரட்டைப் பொக்ஸ் அடுக்குகிறான். பேஸை நல்லா முன்னுக்கு விடச் சொல்லியிருக்கிறேன். முடிவில் சனம் ஆடுகிற பைலாப் பாட்டுக் கோர்வை, நிறுத்தாமல். பெரியப்பா கனடாவில் இருந்தே அதைத்தான் கேட்டவர்.

நீ எச்சரிக்கை என்று எழுதியது பொறாமை என்று விளங்குகிறது. பரவாயில்லை, மன்னித்துவிட்டேன். நீயே விலை வேண்டாம் என்று சொன்னபடியால் மைக்கில் சொல்கிற கதைக்கும் இனி இடமில்லை. வந்து கேள். முன் வரிசையில் உனக்கொரு கதிரை போட்டு வைக்கிறேன்.

விதுசன் அண்ணா


உடையார்கட்டு,
25.06.2025

விதுசன் அண்ணா,

இரண்டு கதிரை போடுங்கோ. அப்பாவையும் கூட்டி வருகிறேன். வரமாட்டார், இழுத்துக்கொண்டு வருவேன்.

இரண்டு திருகையும் இன்னும் முழுதாகத்தான் திறந்து வைத்திருப்பீர்கள். அடிநாதத் திருகைக் கொஞ்சம் குறையுங்கோ, கூடினால் முற்றத்தில் வேறு சத்தங்களோடு சேர்ந்து குழம்பிப்போகும். துலக்கத் திருகை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கோ. ஒரு சொட்டும் வீணாகாமல் கடைசி வரிசைச் சனம் வரைக்கும் போகவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

பைலாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

யதுர்ஷிகா


அக்கராயன்,
05.07.2025, காலை

யதுர்ஷிகாவுக்கு,

சந்தோசம்தானே? இப்போது நெஞ்சு குளிர்ந்திருக்கும்.

நீ திட்டம் போட்டுத்தான் எல்லாவற்றையும் செய்தாய். முதல் பாட்டுகள் நல்லாத்தான் போனது, நீயே பார்த்தாய். பைலாவில் டிரம்ஸ்காரன் வேகத்தைக் கூட்டிவிட்டான். எந்தக் கச்சேரியிலும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். முன்பெல்லாம் ஒருவருக்கும் விளங்காது. நேற்று ஒவ்வொரு பிழை அடியும் கல்லெறி மாதிரி வந்து விழுந்தது. பந்தலடியில் நின்ற பொடியள் விசிலடித்தாங்கள். ஆடிக்கொண்டிருந்த சனம் கால் தடுமாறி நின்று மேடையைப் பார்த்தது. பெரியப்பா போனைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த நேரத்தில் எந்தத் தலைவனும் என்ன செய்வானோ அதைத்தான் நான் செய்தேன். சுமனுக்குக் கண்ணைக் காட்டினேன், இடது கையால் பேஸை எடுக்கச் சொல்லி. பிரசாந்தனுக்குக் கையைக் காட்டினேன், என் லைனை மூடச் சொல்லி. வழக்கமாக ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அளவுக்குத் துலக்கமாகக் கேட்ட சத்தம் திடீரென்று இல்லாமல் போனால் ஆருக்குத்தான் தெரியாது? "பேஸ் எங்கை? கை மட்டும் ஆடுது!" என்று எவனோ கத்தினான். பிறகு எல்லாரும். பாட்டு முடிய இன்னும் எவ்வளவோ இருந்தது. இறங்கிப் போகவும் ஏலாது, நிற்கவும் ஏலாது.

நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதை மேடையில் இருந்து பார்த்தேன். அந்த வீடியோவை எங்கேயாவது போட்டாயோ தெரியாது. போட்டால் நடக்கிறது வேறு. என்னை நம்பவைத்துப் பேய்க்காட்டி விட்டாய்.

விதுசன்


அப்பா வீடு, அக்கராயன்.
05.07.2025, பின்னேரம்

விதுசன் அண்ணாவுக்கு,

நான் எழுதினதில் எது பொய்? ஒன்றைக் காட்டுங்கோ. இடம் சரி. வயர் சரி. திருகு சரி. பிழையையும் துலக்கும் என்று சொன்னேன், அதுவும் சரி. பழி வாங்கத்தான் சொன்னேன், அதை மறுக்கப் போவதில்லை. பொய் சொல்லிப் பழி வாங்குவது உங்கள் முறை. எனக்கு உண்மை போதுமாக இருந்தது.

லைனை மூடினது நான் இல்லை. நீங்கள்தான் கையைக் காட்டினீர்கள், அதே பிரசாந்தனுக்கு, அதே மேடையில் நின்று. அது நடக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பிழையாக வாசித்து மூக்குடைபடுவீர்கள் என்று மட்டும்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் அதற்கு மேலும் தந்தீர்கள்.

நெஞ்சு குளிர்ந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். குளிர்ந்திருக்கும், அப்பா கெடுத்துவிட்டார். சனம் சிரிக்கச் சிரிக்க நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரிக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? அவர் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து, "போதும் புள்ள, வா போயிருவம். அந்தப் பையன் நிக்கிறத என்னால பாக்க முடியல," என்றார். உங்களுக்காக! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உங்களுக்கு இரங்கத் தெரிந்த மனிசனைப் பார்த்துத்தான் நீங்கள் சந்திக் கடையில் சனத்தைச் சிரிக்க வைத்தீர்கள்.

அவர் இரங்கினால் அது அவருடைய குணம். நான் அம்மாவைப் போல. எனக்கு ஆறவில்லை.

வீடியோ என்னிடம் இருக்கிறது. இன்னும் போடவில்லை. நாளை மறுநாள் தீர்த்தம். ஊர் முழுக்க நிற்கும். சாமி தீர்த்தமாடித் திரும்பினதும் மைக்கை எடுத்து, போன வருசத்துக் கதையையும் இந்த வருசத்துக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ. பெட்டியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுங்கோ. இந்தக் கடிதத்தை ஓட்டோக்காரரிடம் கொடுத்து விடுகிறேன், பதிலையும் அவரிடமே கொடுங்கோ. வாசலுக்கு வரவேண்டாம்.

யதுர்ஷிகா


அக்கராயன்,
06.07.2025

யது,

கோபமாக எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இது கோபத்தில் எழுதவில்லை.

உன்னுடைய விசயத்தைத் தீர்த்தத்தன்று மைக்கில் சொல்கிறேன். நீ கேட்ட மாதிரியே, உன் அப்பாவின் பெயரையும் சொல்லி. பெட்டியையும் தருகிறேன். அடுத்த வருசம் நீயே வந்து வாசி, மேடையின் நடுவில் நில், நான் ஓரத்தில் நிற்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை நடந்ததை என் வாயால் சொல்லச் சொல்லாதே.

அப்பாவுக்குத் தெரியாது. அவருக்கு மேடையில் என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஜெனரேற்றரில் பிழை, லைன் அறுந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன், நம்பிவிட்டார். சனம் கத்தினது ஜெனரேற்றர்காரனை என்று நினைக்கிறார். நேற்று முழுக்க, கோயிலுக்கு வந்த ஒவ்வொருவரையும் மறித்து மறித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சத்தம் செத்துப்போச்சு, சனம் கூக்காட்டுது, என்ர பொடியன் கையை விட்டானே? கடைசி மட்டும் வாசிச்சவன்." கேட்கிறவர்கள் எல்லோருக்கும் விசயம் தெரியும். முன்னால் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிக்கிறார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். போய் நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

யது, என் வாழ்க்கையில் அவர் என்னைப் பற்றி ஊருக்குப் பெருமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதையும் பொய் என்று அவருக்குச் சொல்லாதே. வீடியோவை அழித்துவிடு. என்னோடு எவ்வளவுக்கும் கோபித்துக்கொள், அப்பாவை விட்டுவிடு.

விதுசன்


அப்பா வீடு, அக்கராயன்.
06.07.2025, பின்னேரம்

விதுசன் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. நான் அதை வாசித்து அழவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள்தானே, போன வருசம் எனக்கு அந்தத் தூணும் இருக்கவில்லை. அப்பா பெருமைப்படுகிறார், சனம் சிரிக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு பகலுக்குள் உங்களுக்கு மூச்சு முட்டிவிட்டது. என் அப்பா ஒரு வருசம் அதோடு இருந்தார்.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். உங்கள் அப்பா, வீரகத்தி ஐயா, பந்தலுக்குக் கீழே, தீர்த்தத்துக்கு வாழை கட்டுகிற ஆட்களோடு நின்றார். என்னைக் கண்டதும் அவரே கூப்பிட்டார். "பிள்ளை, நீயும் வாசிக்கிற பிள்ளைதானே, உனக்கு விளங்கும், என்ர பொடியன் கையை விட்டானே?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவன் அந்தப் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவரை நாகலிங்க மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். ஜெனரேற்றர் இல்லை ஐயா, அவரே மூடுவித்தவர், சனம் சிரிக்கிறது அதற்குத்தான் என்று. வீடியோவையும் காட்டினேன். இரக்கத்தில் சொன்னேனா, பழியில் சொன்னேனா என்று கேளாதீர்கள். இரண்டும் இருந்தது, பழிதான் கூட.

அவர் ஏசவில்லை. வீடியோவை இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒன்றுதான் கேட்டார்: "அப்ப போன வருசம், கொப்பர் எனக்குப் பக்கத்தில இருந்து, என்ர மகளின்ர கை எண்டு சொன்னவர், அதுவும் இப்பிடித்தானோ?"

ஓம் ஐயா என்றேன்.

வாழை கட்டுகிறவர்களை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். எங்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருசம் தலைவராக இருந்தும் அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. தேர் இழுக்க ஆள் தேவைப்பட்டால் வேறு ஆரையாவது அனுப்பித்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். நான் முன்னால் நடந்தேன், அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

இப்போது எங்கள் முற்றத்தில் அப்பாவோடு இருக்கிறார். நல்ல கதிரையை அப்பா அவருக்குக் கொடுத்தார், அவர் அதில் இருக்க மறுத்துவிட்டார். மர வாங்கில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். வந்து கனநேரமாகிறது. நான் குசினிக்குள் இருந்து இதை எழுதுகிறேன். தேத்தண்ணி கொடுத்தபோது உங்கள் அப்பாவின் கண் சிவந்திருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்ப அப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எழும்புங்கோ என்றால், "அவன் வரட்டும்," என்கிறார்.

இதை ஓட்டோக்காரரிடம் கொடுத்து விடுகிறேன். மைக் வேண்டாம், அடுத்த வருசத்து மேடையும் வேண்டாம். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, உங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ.

யதுர்ஷிகா